ஆசிரியர் தருவது கால் பங்கு



முன் வாங்குகளில் இருத்தி வைக்கப்பட்டிருக்கும் பிள்ளைகளே, உங்களில் யார் விரும்பி வந்தீர்கள், யாரை வகுப்பாசிரியர் வரிசையில் கூட்டிவந்தார் என்று நான் விசாரிக்கப் போவதில்லை. வகுப்பறையில் கேட்பதைப் பற்றிப் பேச எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். பாடம் நடக்கும்போது ஒரு மாணவர் எப்படிக் கேட்பது, எப்போது வாய் திறப்பது, கேட்டதை என்ன செய்வது என்பவைதாம் இன்றைய பொருள். இதை வேறெங்கும் பேசலாம். கரம்பொன்னில் பேசுவதில் ஒரு வசதி இருக்கிறது. இந்த மண்ணில் பிறந்த ஒருவரையே எடுத்துக்காட்டாக நிறுத்திவிட்டுப் பேசலாம்.

தனிநாயகம் அடிகளாரைச் சொல்லாமல் இந்த ஊரில் எந்த மேடையும் இறங்குவதில்லை. 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகக் காரணமாக இருந்தார், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டை நடத்தினார், ‘தமிழ்க் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஆய்விதழை நடத்தினார், நாடு நாடாகப் போய்த் தமிழைப் பற்றிப் பேசினார் என்றெல்லாம் சொல்லி மாலை போடுகிறோம். எல்லாம் உண்மை. ஆனால் அவர் பேசிய ஆண்டுகளையே எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவர் வாங்கில் அமர்ந்து பாடம் கேட்ட ஆண்டுகளை யாரும் எண்ணுவதில்லை. அந்தக் கணக்கு எனக்கு அதிகம் பிடிக்கும்.

1913 ஆவணி 2இல் பிறந்தார். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரி, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, பிறகு கொழும்பில் குருமடம். அடுத்து ரோமாபுரியில் திருச்சபையின் ஊர்பன் பல்கலைக்கழகம். அங்கே குருப்பட்டம் பெற்று, இறையியலில் கலாநிதிப் பட்டமும் வாங்கினார். இலத்தீனும் ஐரோப்பிய மொழிகள் பலவும் கைவந்திருந்தன. வழக்கமான கணக்கில் இவருடைய மாணவப் பருவம் இத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

1940இல் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊருக்கு ஆசிரியப் பணிக்குப் போகிறார். புனித தெரேசா உயர்நிலைப் பள்ளி. வயது இருபத்தேழு. தமிழ் இலக்கியத்தில் தமக்கு அடிப்படைப் பயிற்சி போதாது என்பது அங்கே அவருக்கு உறைத்தது. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்து ஆங்கிலக் கல்லூரிகளில் படித்து வந்தவருக்கு அது வியப்பில்லை. வியப்பு, அடுத்து அவர் செய்தது. குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்ற பண்டிதரிடம் தமிழ் இலக்கியம் பாடம் கேட்கத் தொடங்கினார். பகலில் பிள்ளைகளுக்கு ஆசிரியர்; பண்டிதர் முன்னால் மாணவர். ரோமாபுரிக் கலாநிதி ஒருவர், கத்தோலிக்கக் குரு, ஒரு தமிழ்ப் பண்டிதரின் முன் ஏட்டைத் திறந்துகொண்டு ‘இந்த இடம் எனக்கு விளங்கவில்லை’ என்று சொல்லும் நிலையில் தம்மை வைத்துக்கொண்டார்.

அதோடும் நிற்கவில்லை. 1945இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். முப்பத்திரண்டு வயதில், தம்மைவிடப் பத்து வயது இளைய பையன்களோடு. சங்கப் பாடல்களில் இயற்கையைப் பற்றிய ஆய்வுக்கு 1949இல் அங்கே இலக்கிய முதுமாணிப் பட்டம் பெற்றார். 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். விரிவுரையாளராக இருந்துகொண்டே 1950களின் நடுவில் இலண்டன் பல்கலைக்கழகத்தில் மறுபடி மாணவரானார். இம்முறை எடுத்த பொருள் பண்டைய இந்தியக் கல்வி, அதில் தமிழ்ச் சான்றுகள். நாற்பதைத் தாண்டிய பிறகு இரண்டாவது கலாநிதிப் பட்டம். பின்னாளில் அவர் மேடைகளில் பேசிய ஒவ்வொரு மணிநேரத்துக்கும் பின்னால் பாடம் கேட்ட பல மணிநேரம் இருந்தது.

பண்டைத் தமிழர் கல்வியை ஆராயப் புகுந்த யாருக்கும் ஒரு நூல் கட்டாயம் எதிர்ப்படும். பவணந்தி முனிவரின் நன்னூல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்க எழுதப்பட்ட இலக்கண நூல் அது. எழுத்து, சொல் என்று தொடங்குமுன் அதற்கு ஒரு பொதுப்பாயிரம் இருக்கிறது. நூல் எப்படி இருக்க வேண்டும், ஆசிரியர் யார், அவர் எப்படிச் சொல்ல வேண்டும், மாணவர் யார், அவர் எப்படிக் கேட்க வேண்டும் என்று ஒரு சிறு கல்விநூலே அதற்குள் உண்டு. நம் நல்லூர் ஆறுமுக நாவலர் இதற்குக் காண்டிகையுரை எழுதிப் பதிப்பித்தார். யாழ்ப்பாணத்தில் இலக்கணம் படித்த எவரும் அந்த உரையைத் தொடாமல் போனதில்லை. எனவே நன்னூல் நமக்குக் கடல் கடந்த சரக்கும் இல்லை, புதுச் சரக்கும் இல்லை.

மாணவர் கேட்கும் முறையைப் பவணந்தியார் சொல்லும் சூத்திரம் ஒன்று உங்கள் ஆசிரியர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். உரிய நேரத்தில் போ, ஆசிரியரின் குணமறிந்து பழகு, இரு என்றால் இரு, சொல் என்றால் சொல், தாகத்தோடு இரு, ஓவியத்தில் எழுதிய பாவை போல அடங்கி இரு, காதால் அள்ளி உள்ளத்தில் நிரப்பு, போ என்ற பிறகு போ. இதுதான் அதன் சாரம். இதைப் படிக்கும் அதிபர்களுக்கு முகம் மலரும். ஓவியப் பாவையாக நாற்பது பிள்ளைகள் இருந்தால் எந்த அதிபருக்குத்தான் கசக்கும்?

சங்கடம் என்னவென்றால், நாம் அந்தச் சூத்திரத்தோடு புத்தகத்தை மூடிவிட்டோம். பவணந்தியார் மூடவில்லை. அடுத்து அவர் மாணவரின் கடமைகளை அடுக்குகிறார். உலக வழக்கை அறிய வேண்டும். பாடத்தைப் போற்ற வேண்டும். கேட்டதைத் திரும்ப நினைக்க வேண்டும். ஆசிரியரிடம் போய் நினைத்ததை மறுபடி கேட்டுச் சரிபார்க்க வேண்டும். தம்மைப் போலப் படிப்பவர்களோடு சேர்ந்து பழக வேண்டும். அவர்களிடம் வினாவ வேண்டும். அவர்கள் வினாவினால் விடை சொல்ல வேண்டும். இவற்றைக் கடமையாகக் கொண்டால்தான் அறியாமை விலகும் என்கிறார். ஓவியப் பாவைக்கு இதில் எந்த வேலையையும் செய்ய முடியாது. பாவையாக இருப்பது பாடம் நடக்கும் சிறிது நேரத்துக்கு மட்டும். மீதி நேரம் முழுதும் வாயும் கையும் அசைய வேண்டியிருக்கிறது.

இன்னும் மேலே போய்ப் பங்கு பிரித்தும் காட்டுகிறார். ஒரு முறை கேட்டவர் இன்னொரு முறை கேட்டால் பிழை குறையும். மூன்றாம் முறை கேட்டால் தானே முறையாகச் சொல்ல வரும். ஆனாலும் ஆசிரியர் சொன்னதை எவ்வளவு செம்மையாக வாங்கிக்கொண்டாலும் கைக்கு வருவது கால் பங்குதான். இன்னொரு கால், கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் வரும். எஞ்சிய அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வரும். இதைக் கற்பிப்பவர் ஒருவர் எழுதியிருக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். தமக்குக் கால் பங்குக்கு மேல் அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

நான் இந்தக் கணக்கை அளவுகோல் போட்டு நிறுத்தச் சொல்லவில்லை. பவணந்தியார் சோதனைச்சாலை வைத்திருந்தவரில்லை. ஆனால் அந்தத் திசையைப் பாருங்கள். நம் வீடுகளில் ஒரு பிள்ளைக்குக் கணக்கு வராவிட்டால் என்ன செய்கிறோம்? இன்னொரு ரியூசன் போடுகிறோம். அதற்கும் வராவிட்டால் யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏற்றி, பண்ணைப் பாலம் தாண்டி, பேர் போன ஒரு சேரின் வகுப்பில் சேர்க்கிறோம். அதாவது அந்தக் கால் பங்கையே மூன்று தடவை, நாலு தடவை காசு கொடுத்து வாங்குகிறோம். முக்கால் பங்கு வீட்டிலும் வாங்கிலும் சும்மா கிடக்கிறது. பஸ்ஸில் போய்வரும் களைப்பில் அதற்கு நேரமும் இல்லை.

பவணந்தியாரோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். பாடம் சொல்லக் கூடாதவர்கள் என்று ஒரு பட்டியல் தருகிறார். அதில் கள்வனும் செருக்குள்ளவனும் வருகிறார்கள், போகட்டும். நோயாளி, மந்தமானவன், தூங்குகிறவன், பழைய நூல்களைக் கண்டு அஞ்சித் தடுமாறுகிறவன் ஆகியோரும் வருகிறார்கள். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்விக்குப் பிறகு இந்தப் பட்டியல் நமக்குச் செல்லாது. வகுப்பில் தூங்கும் பிள்ளை விடியமுன் தகப்பனோடு வலை இழுத்துவிட்டு வந்திருக்கலாம். தடுமாறும் பிள்ளைக்காகத்தான் பள்ளிக்கூடமே இருக்கிறது. தடுமாறாத பிள்ளைக்குப் புத்தகம் போதும்.

யார் வாங்கில் இருக்கலாம் என்ற வழக்கில் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பாடசாலைக்குள் வந்தாலும் தரையிலே இருந்து பாடம் கேட்க வேண்டியிருந்தது. 1920களின் இறுதியில் சம ஆசனம் என்ற கோரிக்கையை யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசும் ஆதரித்தபோது எதிர்ப்பு எவ்வளவு மூர்க்கமாக இருந்தது என்று பழைய பத்திரிகைகளைப் புரட்டினால் தெரியும். தரையில் இருத்தப்பட்ட பிள்ளை கை உயர்த்திச் சந்தேகம் கேட்குமா? கலந்துகொள் என்று ஒரு பிள்ளைக்குப் புத்தி சொல்லுமுன், அந்தப் பிள்ளையைச் சமமாக இருத்தியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். கடைசி வாங்கு இன்றும் சில வகுப்புகளில் தரைபோலத்தான் இருக்கிறது.

இனி, கேட்கிறவரின் முகத்தைப் பற்றி ஒரு கதை. இறையனார் களவியலுக்கு எழுந்த உரையின் முகப்பில் வருகிறது. ஒரே நூலுக்குச் சங்கப் புலவர்கள் ஆளாளுக்கு உரை செய்துவிட்டார்கள். எது சிறந்தது என்று தீர்க்க வேண்டும். மதுரையில் உப்பூரிகுடி கிழாரின் மகன் உருத்திரசன்மன் என்ற சிறு பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வயது ஐந்து. வாய் பேசாது. அந்தப் பிள்ளையைப் பலகையில் இருத்தி, ஒவ்வொருவராக உரையை வாசிக்கிறார்கள். பிள்ளை அசையாமல் இருக்கிறது. மதுரை மருதனிளநாகனார் வாசித்தபோது இடையிடையே கண்ணீர் வந்தது, மயிர் சிலிர்த்தது. நக்கீரர் வாசித்தபோது சொல்லுக்குச் சொல் அப்படி ஆனது. அதுவே மெய்யுரை என்று தீர்ந்தது.

கதையில் தெய்வ அம்சம் உண்டு, அதை விட்டுவிடுவோம். இதை ஒரு ஆசிரியனாக வாசிக்கும்போது எனக்கு வேறொன்று தெரிகிறது. ஒரு சொல்லும் பேசாத பிள்ளை அந்த அவையில் எல்லாரையும்விட அதிகம் கலந்துகொண்டிருக்கிறது. எழுதியவர்கள் புலவர்கள், முடிவைச் சொன்னது கேட்டவரின் முகம். வெண்கட்டியோடு நிற்கிறவருக்கு முன்னால் இருக்கும் முகங்கள்தாம் வழிகாட்டி. இரண்டு புருவம் சுருங்கினால் இன்னொரு உதாரணம் போடுவார். யாரும் தலையாட்டாவிட்டால் வேகத்தைக் குறைப்பார். எல்லா முகமும் கொப்பிக்குள் புதைந்திருந்தால் அவருக்கு எதுவும் தெரியாது. தன் பாட்டில் சொல்லி முடித்துவிட்டுப் போவார். கூச்சத்தால் வாய் திறக்க முடியாத பிள்ளைகளுக்கு இது ஒரு ஆறுதல். பேச வராவிட்டாலும் பரவாயில்லை, முகத்தை மூடி வைக்காதீர்கள். விளங்காத இடத்தில் விளங்காத முகத்தைக் காட்டுங்கள். அதற்குத் துணிவு அதிகம் தேவையில்லை.

நம் வகுப்புகளில் முகத்துக்குப் பதிலாக ஒரு கோரஸ் இருக்கிறது. ஆசிரியர் ஒரு பகுதியை முடித்துவிட்டுத் திரும்பி “விளங்கினதோ?” என்பார். வகுப்பு முழுக்க “ஓம் சேர்!” என்னும். விளங்கியவரும் சொல்வார், விளங்காதவரும் சொல்வார், பாதி நித்திரையில் இருப்பவர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்வார். இந்த ‘ஓம்’ எதையும் தெரிவிப்பதில்லை. அது ஒரு மரியாதை. கோயிலில் மணி அடித்ததும் கை குவிவதுபோல. இதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வியே அப்படிப்பட்டது. அதற்கு ‘ஓம்’ தவிர வேறு விடை சொல்கிறவர் நாற்பது பேருக்கு நடுவில் தனியாக நிற்க வேண்டிவரும்.

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு நேரம் குறித்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருந்தது ஏறக்குறைய ஒரு வினாடி. அதற்குள் விடை வராவிட்டால் இன்னொருவரிடம் தாவிவிடுவார்கள், அல்லது தாங்களே சொல்லிவிடுவார்கள். அந்தக் காத்திருப்பை மூன்று வினாடியாக நீட்டியபோது விடைகள் நீளமாயின. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று வினாடி! ஆசிரியர்கள் இதை நாளைக்கே செய்து பார்க்கலாம், செலவில்லை. பிள்ளைகளும் தங்கள் பக்கத்தில் செய்யலாம். முன் வாங்குக் கெட்டிக்காரர் டக்கென்று விடையைச் சொல்லிவிடாமல் கொஞ்சம் பொறுக்கலாம். கெட்டிக்காரர் விடை சொன்ன மறுகணம் மற்ற முப்பத்தொன்பது பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

நல்ல கேள்வி ஒரு மனிதரின் வாழ்க்கையையே திருப்பிய கதை ஒன்று தமிழில் இருக்கிறது. உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் விரிவாகச் சொல்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர் அவர். ஆசிரியர் செய்யுளைச் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதியவர். அங்கே கூடப் படித்தவர்களில் சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவரும் இருந்தார், ஆதீனத்துத் தம்பிரான்களும் இருந்தார்கள். பவணந்தியார் சொன்ன ‘கூடப் படிப்பவர்’ பங்கு அங்கே தாராளமாகக் கிடைத்தது. பிறகு சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார்.

1880 ஐப்பசி. 21ஆம் திகதி. சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீப்பைப் போய்ப் பார்க்கிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் விசாரிக்கிறார். ஐயர் தாம் படித்த அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் எல்லாவற்றையும் வரிசையாக ஒப்புவிக்கிறார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் பார்த்ததுண்டா என்கிறார். ஐயர் பார்த்ததில்லை. முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் படி ஒன்றைக் கொடுக்கிறார். தமக்கு அதைப் பாடம் சொல்லும்படியும் கேட்கிறார்.

இந்த இடம்தான் எனக்கு முக்கியம். பாடம் சொல்லப் போகிறவருக்கே அந்த நூல் புதிது. சமணக் கோட்பாடுகள் வரும் இடங்கள் விளங்கவில்லை. அவர் என்ன செய்தார்? கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் வீடுகளைத் தேடிப் போனார். சைவ மடத்தில் வளர்ந்த கல்லூரி ஆசிரியர், அங்கே உட்கார்ந்து தம் சந்தேகங்களைக் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு வந்த பதிப்புகளெல்லாம் நீங்கள் அறிந்தவை. முன்சீப்பின் கேள்வி அவரைக் குத்தியிருக்க வேண்டும். ஆசிரியராக இருப்பவர் தமக்குத் தெரியாததைச் சொல்லக் கேட்பது சுகமான காரியமில்லை. அவர் கோபித்துக்கொண்டு எழுந்து வந்திருந்தால் கதை அந்த வாசலிலேயே முடிந்திருக்கும்.

பெற்றோருக்கும் ரியூட்டரிக்காரர்களுக்கும் சேர்த்து இப்போது ஒரு ஆய்வைச் சொல்கிறேன். 2019இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் லூயி டெலோரியேயும் கூட்டாளிகளும் பௌதிகவியல் மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அனுபவமுள்ள ஆசிரியர் தெளிவாக, சரளமாக விரிவுரை செய்தார். மற்றப் பிரிவு அதே பொருளைச் சிறு குழுக்களாக இருந்து தாங்களே முட்டி மோதித் தீர்த்தது. ஆசிரியர் பிறகுதான் விளக்கினார். அடுத்த தடவை பிரிவுகளை மாற்றினார்கள். முடிவில் முட்டி மோதியவர்கள் சோதனையில் கூடப் புள்ளி எடுத்தார்கள். ஆனால் எதில் அதிகம் கற்றதாக நினைக்கிறீர்கள் என்று கேட்டபோது, சரளமான விரிவுரையையே மாணவர்கள் சொன்னார்கள். கற்றது ஒரு பக்கம், கற்றதாகத் தோன்றியது மறுபக்கம்.

யாழ்ப்பாணத்து ரியூசன் மண்டபங்களின் இரகசியம் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மைக் பிடித்துப் பேசும் ஒரு சேர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், இடையிடையே ஒரு பகிடி, அச்சடித்த நோட்ஸ். இரண்டு மணிநேரம் போனதே தெரியாது. வெளியே வரும் பிள்ளை “சேர் சூப்பராப் படிப்பிக்கிறார்” என்று சொல்லும். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் அதற்குத் தோன்றுகிறது. சேரும் கெட்டிக்காரர்தான். ஆனால் அந்த இரண்டு மணிநேரத்தில் கணக்கைச் செய்தவர் சேர். பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட வகுப்பில் தானே செய்து தடக்குப்படும்போது, ‘இந்த ரீச்சருக்குப் படிப்பிக்கத் தெரியாது’ என்று அதே பிள்ளைக்குத் தோன்றும். 2014இல் ஸ்கொட் ஃப்ரீமன் முதலானோர் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் விரிவுரை வகுப்புகளில் சித்தியடையாதவர்கள் சராசரியாக 33.8 வீதம். மாணவர் கலந்துகொள்ளும் வகுப்புகளில் 21.8 வீதம். அவை பல்கலைக்கழக விஞ்ஞான, கணித வகுப்புகள். நம் உயர்தர வகுப்புக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பவணந்தியார் காட்டிய திசையும் இந்தத் திசையும் ஒன்றாக இருப்பதைப் பார்க்காமல் விட முடியாது.

பிள்ளைகளே, உங்களுக்கு நேராகச் சில விசயங்கள்.

கேள்வி கேள் என்று எல்லாரும் சொல்வார்கள். எதைக் கேட்பது என்று சொல்ல மாட்டார்கள். சமனிலியை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கத்தையும் மறை எண்ணால் பெருக்கினால் குறி திரும்பும் என்று பாடமாக்கி வைத்திருக்கிறீர்கள். ஏன் திரும்புகிறது? இரண்டு, மூன்றைவிடச் சிறிது. இரண்டு எண்களுக்கும் முன்னால் மறைக்குறி போடுங்கள். மறை இரண்டு, மறை மூன்றைவிடப் பெரிது. எண்கோட்டில் பூச்சியத்தைத் தாண்டி மறுபக்கம் போனதும் தூரமாக இருந்தது அங்கேயும் தூரத்தில் நின்று, சிறியதாகிவிடுகிறது. இதை வகுப்பில் ‘ஏன் சேர் திரும்புது?’ என்று ஒருவர் கேட்டிருந்தால் நாற்பது பேருக்கும் ஆயுளுக்கும் மறக்காது. யாரும் கேட்பதில்லை. விதி தெரிந்தால் புள்ளி வரும். அடுத்த வருடம் விதி மறக்கும், புள்ளியும் போகும்.

“ஒண்டும் விளங்கேல்லை” என்று சொல்வதில் பயனில்லை. அதற்கு ஆசிரியர் முதலிலிருந்து தொடங்க வேண்டும், தொடங்க மாட்டார். ‘இந்த வரி வரைக்கும் வந்தேன் சேர், இதிலிருந்து அதற்கு எப்படிப் போனீர்கள்?’ என்று கேளுங்கள். அப்படிக் கேட்கக் கொப்பியில் அந்த இடத்தில் ஒரு புள்ளடி போட்டிருக்க வேண்டும். புள்ளடி போட, பாடம் நடக்கும்போது எழுதுவதோடு யோசிக்கவும் வேண்டும். சொல்வதெழுதுதல்போல எழுதிக்கொண்டே போனால், சத்தம் காதில் நுழைந்து நேரே விரலால் வெளியே போய்விடும்.

வீட்டுக்குப் போனதும் கொப்பியைத் திறக்காமல், இன்று என்ன நடந்தது என்று வெறும் தாளில் எழுதிப் பாருங்கள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனையில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு கிழமை கழித்து வைத்த சோதனையில், வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். பரீட்சைக்கு முதல்நாள் இரவு விழுந்து விழுந்து வாசிப்பது ஏன் வேலை செய்வதுபோலத் தெரிகிறது, ஏன் பிறகு ஒன்றும் தங்குவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு, சிரிப்பு. வகுப்பில் ஒருவர் தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டால் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வருமே, அதைத்தான் சொல்கிறேன். என் அனுபவத்தில், கடும் ஆசிரியர்கள் வாயடைத்த பிள்ளைகளைவிட இந்தச் சிரிப்பு வாயடைத்த பிள்ளைகள் அதிகம். பொம்பிளைப் பிள்ளைகள் கூடுதலாக. சிரிக்கிறவருக்கும் அந்தக் கேள்விக்கு விடை தெரியாது என்பது பெரும்பாலும் உண்மை. பவணந்தியார் கூடப் படிப்பவர்களுக்குக் கொடுத்த கால் பங்கை இந்தச் சிரிப்புத்தான் தின்றுவிடுகிறது.

மொழி இன்னொரு தடை. யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் ஆங்கிலத்தில் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். 1860களில் அதைத் தமிழுக்கு மாற்றினார். உடற்கூற்றியல், இரசாயனம், சத்திர வைத்தியம் என்று புத்தகங்களைத் தமிழில் கொண்டுவந்தார். தமிழில் படித்த மருத்துவர் ஊர் மக்களிடமே தங்கி வேலை செய்வார் என்பது அவர் கணக்கு. என் கணக்கு வேறு. தனக்குப் பேசத் தெரிந்த மொழியில் பாடம் நடந்தால்தான் மாணவருக்குக் கேள்வி வாயில் வரும். இன்று ஆங்கில மூல வகுப்புகள் வந்திருக்கின்றன, வரட்டும், நல்லது. ஆனால் அந்த வகுப்புகளில் சந்தேகத்தைத் தமிழில் கேட்கத் தடை போடாதீர்கள். இலக்கணம் பிழைத்துவிடுமோ என்ற பயத்தில் விழுங்கப்படும் சந்தேகங்கள் நிறைய.

ஆசிரியர்களுக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை. பவணந்தியாரே சொல்லிவிட்டார். கொள்கிறவர் எப்படிக் கொள்வார் என்று அறிந்து, அவர் மனம் கொள்ளும்படி, முகமலர்ச்சியோடு கொடு என்கிறார். மேலே நான் சொன்ன மூன்று வினாடியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டம் முடிக்க வேண்டும், நேரமில்லை என்பீர்கள். தெரியும். நானும் அதே காரணத்தைச் சொல்லித்தான் பல வருடம் ஓடினேன். பாடத்திட்டம் முடிந்தது, பிள்ளைகள் எத்தனையாம் பக்கத்தில் நின்றார்கள் என்று பார்க்கத்தான் நேரம் இருக்கவில்லை.

அடிகளாரிடம் ஒரு தடவை திரும்பிப் போகிறேன். அவர் முனைந்து உருவாக்கிய மாநாடுகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு வடக்கன்குளமும் நினைவுக்கு வரும். ஒருவர் கட்டுரை வாசிக்கிறார், இன்னொருவர் மறுக்கிறார், மூன்றாமவர் சான்று கேட்கிறார். ஒன்றாகக் கூடி ஒருவரை ஒருவர் கேட்கவும் வினாவவும் இடம் அமைத்ததுதான் அவர் செய்தது. அப்படிப்பட்ட இடங்களை அமைக்க, தானே வாங்கில் இருந்து விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லிப் பழகியிருக்க வேண்டும். அவர் இளமையில் ஊரிலும், பிறகு ரோமாபுரியிலும் வடக்கன்குளத்திலும் சிதம்பரத்திலும் இலண்டனிலும் பழகினார்.

தலைவர் எனக்குத் தந்த நேரத்தில் நான் முக்காலைத் தின்றுவிட்டேன். மீதியை உங்களுக்கு விடும்படி கேட்டிருக்கிறேன். பெரியவர்கள் பொறுக்க வேண்டும். முதல் கேள்வி முன் வாங்கிலிருந்து வரட்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு ஒரு இடம் காட்டுகிறேன். பாடம் சொல்பவரிடமிருந்து கால் பங்குதான் வரும் என்று பவணந்தியார் சொன்னார், நானும் தலையாட்டினேன். அது சமனிலிக்கும் பொருந்துமா, சிந்தாமணிக்கும் பொருந்துமா, தையல் பழகுவதற்கும் பொருந்துமா? என் பேச்சில் அந்த இடம் வலுக் குறைந்தது. அங்கே பிடியுங்கள்.